கம்பெனி கட்சிக்கு நன்கொடை கொடுக்கணும்னா ஷேர்ஹோல்டரைக் கேக்க வேணாமா?

கேள்வி:
வணக்கம். ஒரு லிஸ்டட் கம்பெனியில ரொம்ப வருஷமா கொஞ்சம் ஷேர் வச்சிருக்கேன். இந்த வருஷ ஆண்டறிக்கையப் புரட்டிட்டு இருந்தப்போ இதர செலவுகள் நோட்ல, சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) செலவுக்குக் கீழ, அரசியல் நன்கொடை தேர்தல் டிரஸ்ட் வழியான்னு ஒரே ஒரு வரி, பக்கத்துல சில கோடி ரூபாய். எந்தக் கட்சிக்குப் போச்சுன்னு எங்கயும் இல்ல. 2024 பிப்ரவரி 15 அன்னிக்கு யார் கொடுத்தாங்கன்னு வெளிய தெரியாம கட்சிக்குப் பணம் கொடுக்க வழி பண்ணின தேர்தல் பத்திரத்த சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணினப்போ இனிமே எல்லாம் தெரிஞ்சுடும்னு நம்பினேன். இது சட்டப்படி சரிதானா? போர்டே முடிவு பண்ணிக்கலாமா, எங்ககிட்ட ஓட்டு கேக்கணும்னு ஒண்ணும் இல்லயா? டிவிடெண்ட் கொஞ்சம் குறஞ்சாக்கூட பரவால்ல, நான் ஓட்டுப் போடாத கட்சிக்கு என் காசு போகுதோன்னு நினைக்கிறதுதான் மனசுக்கு ஒப்பல.

பதில் 1:
கம்பெனி செக்ரட்டரியா வேலை பாக்குறேன், அதனால சட்டத்த மட்டும் முதல்ல சொல்லிடுறேன். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 182. போர்டு மீட்டிங்ல தீர்மானம் போட்டா போதும், ஷேர்ஹோல்டர் ஓட்டு தேவையில்ல. அரசு கம்பெனியும், ஆரம்பிச்சு மூணு நிதியாண்டு ஆகாத கம்பெனியும் கொடுக்கவே கூடாது. முந்தின மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல 7.5 சதவீதம் வரைக்கும்தான் கொடுக்கலாம். இந்த உச்சவரம்ப 2017 நிதிச் சட்டத்துல தூக்கிட்டாங்க, அதனால நஷ்டத்துல ஓடுற கம்பெனி, பேருக்கு இருக்கிற ஷெல் கம்பெனி எல்லாம்கூட எவ்வளவு வேணா கொடுக்கலாம்னு ஆச்சு. பத்திரத்தப் பத்தியே எல்லாரும் பேசினதுல இது பெருசா வெளிய வரல, ஆனா அதே தீர்ப்புல அஞ்சு நீதிபதிகளும் இந்த திருத்தமும் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. கட்சி பேர கணக்குல காட்ட வேணாம்னு பண்ணின திருத்தமும் போச்சு. மீறினா கொடுத்த தொகையில அஞ்சு மடங்கு வரைக்கும் அபராதம், பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறையும் உண்டு.

உங்க கேஸ் டிரஸ்ட். கம்பெனிகள்கிட்ட நன்கொடை வாங்கி கட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற அமைப்பு, 2013லேர்ந்து இருக்கிற ஏற்பாடு இது. டிரஸ்ட்டுக்குக் கொடுத்தா கம்பெனி தன் கணக்குல டிரஸ்ட்டுக்கு இவ்வளவு கொடுத்தோம்னு காட்டினா போதும்.

பதில் 2:
சட்டம் அப்படித்தான், ஆனா அது சரியாங்கிறதுதான் இங்க கேள்வியே. பிரிட்டன்ல 2006 கம்பெனிகள் சட்டப்படி 12 மாசத்துல 5,000 பவுண்டுக்கு மேல அரசியல் நன்கொடை கொடுக்கணும்னா ஷேர்ஹோல்டர்கள் முன்கூட்டியே தீர்மானம் போட்டு அனுமதி கொடுக்கணும், அதுவும் அதிகபட்சம் நாலு வருஷத்துக்குத்தான் செல்லும். அங்க உள்ள பெரிய கம்பெனிகள் பலது, நாங்க எந்தக் கட்சிக்கும் கொடுக்கிறதா இல்ல, தெரியாம சட்டத்த மீறிடக் கூடாதுன்னுதான் கேக்கறோம்னு நோட்டீஸ்லயே எழுதிட்டுத்தான் அந்தத் தீர்மானத்தக் கொண்டு வருது. ஓட்டு கேக்கணும்னு ஒரு விதி இருந்தாலே போர்டு எவ்வளவு யோசிக்குது பாருங்க. நம்ம ஊர்ல ஆடிட்டர நியமிக்க ஓட்டு, டைரக்டர் சம்பளத்துக்கு ஓட்டு, கோடிக்கணக்குல கட்சிக்குக் கொடுக்க மட்டும் ஓட்டு கிடையாது!

பதில் 3:
பிரிட்டன் முறைய அப்படியே இங்க கொண்டு வந்தா பலன் இருக்காது. அங்க பெரிய கம்பெனிகள்ல பங்கு பரவலா பிரிஞ்சு கிடக்கு, இங்க புரமோட்டர் குடும்பமே, அதாவது கம்பெனிய ஆரம்பிச்சு கையில வச்சிருக்கிறவங்களே, பாதிக்கு மேல வச்சிருக்கிற கம்பெனிகள் எக்கச்சக்கம், பாதிக்கு மேல ஓட்டு விழுந்தா போதும்ங்கிற சாதாரணத் தீர்மானம் அவங்க கை தூக்கினாலே பாஸ். ஆனா வழி நம்ம சட்டத்துலயே இருக்கு. கம்பெனி தன்னோட புரமோட்டர், டைரக்டர் மாதிரி நெருங்கினவங்ககூட பண்ற ரிலேட்டட் பார்ட்டி ட்ரான்ஸாக்‌ஷன் பெரிய தொகையா இருந்தா பங்குச் சந்தையக் கண்காணிக்கிற செபியோட லிஸ்டிங் விதிப்படி சம்பந்தப்பட்டவங்க ஆதரவா ஓட்டுப் போட முடியாது, மத்த ஷேர்ஹோல்டர்கள் சம்மதிச்சாத்தான் நடக்கும். அரசியல் நன்கொடையும் அதே மாதிரிதானே, கொடுக்கிறது கம்பெனி, அதனால ஆளுங்கட்சிகிட்ட நெருக்கம் கிடைக்கிறது புரமோட்டருக்கு. அவர ஒதுக்கி வச்சு ஓட்டு எடுக்கச் சொல்லுங்க. சின்ன முதலீட்டாளர் எங்க ஓட்டுப் போடப் போறாங்கன்னு சிலர் கேப்பாங்க. 2022 ஏப்ரல்லேர்ந்து மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாத் தீர்மானத்துக்கும் கட்டாயம் ஓட்டுப் போட்டு அத வெளியிடவும் செய்யணும்னு செபி சொல்லியிருக்கு, அதனால மாசாமாசம் ஃபண்டுல எஸ்ஐபி கட்டுறவங்க எல்லாருமே மறைமுகமா இதுல வந்துடுவாங்க.

பதில் 4:
எல்லாம் சரி, கம்பெனி ஏன் கொடுக்குதுன்னு யாரும் தொடல. பாதிப் பேர் ஆசையில கொடுக்கிறதில்ல, பயத்துல கொடுக்கிறாங்க. 2024 மார்ச்ல எஸ்பிஐ கொடுத்த பத்திர விவரத்த தேர்தல் ஆணையம் வெளியிட்டப்போ, அமலாக்கத் துறையோ வருமான வரித் துறையோ சோதனை போட்ட சில கம்பெனிகளும் லிஸ்ட்ல இருந்துச்சு. முதல் இடத்துல இருந்த லாட்டரி கம்பெனி வாங்கின பத்திரம் மட்டும் 1,368 கோடி. பதிலுக்கு என்ன கிடைச்சுதுன்னு விசாரிக்க தனிக் குழு வேணும்னு போட்ட மனுவ அதே வருஷம் ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. இப்படி இருக்கிற இடத்துல ஷேர்ஹோல்டர் ஓட்ட வச்சா, தீர்மானம் தோத்துப்போச்சுங்கன்னு கட்சிக்காரங்ககிட்ட சொல்ல கம்பெனிக்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கும். அதுக்காகவே நான் ஓட்ட ஆதரிக்கிறேன். மொத்தமாத் தடை பண்ணுங்கன்னு மட்டும் யாரும் ஆரம்பிக்காதீங்க, 1969ல தடை பண்ணிப் பாத்தாச்சு, பணம் நிக்கல, கறுப்புல போச்சு, 1985ல திரும்ப அனுமதிச்சாங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. பதில் 3 சொன்னது எனக்கு ரொம்ப சரியாப் படுது. ஆனா டிரஸ்ட் விஷயம் இன்னும் உறுத்துது. கட்சிக்கு நேரா கொடுத்தா பேர் சொல்லணும், டிரஸ்ட் வழியா கொடுத்தா வேணாம்னா அப்புறம் தீர்ப்புக்கு என்னதான் அர்த்தம்? ஏஜிஎம்ல (வருஷாந்திரப் பொதுக்கூட்டம்) நானே ஒரு தீர்மானம் கொண்டு வர முடியுமா?

பதில் 1:
தீர்மானம் கொண்டு வர பிரிவு 111 இருக்கு, ஆனா பத்துல ஒரு பங்கு ஓட்டுரிமை சேரணும், தனி ஆளா முடியாது.

டிரஸ்ட்ட பொறுத்தவரை, ஒரு வருஷத்துல வந்த பணத்துல 95 சதவீதத்த அந்த வருஷமே கட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டு, யார் கொடுத்தாங்க, எந்தக் கட்சிக்குப் போச்சுன்னு தேர்தல் ஆணையத்துக்கு அறிக்கை கொடுக்கணும். அது பொதுவுல இருக்கு, போய்ப் பாருங்க. சிக்கல் என்னன்னா பல கம்பெனிங்க கொடுத்த பணம் ஒரே டிரஸ்ட்ல சேர்ந்துட்டா, இவர் கொடுத்த கோடி இந்தக் கட்சிக்குன்னு கோடு போட்டுக் காட்ட முடியாது. நீங்க சொல்ற பொத்தல் அங்கதான் இருக்கு.

ஏஜிஎம்ல பேச உங்களுக்கு உரிமை உண்டு. ஆன்லைன் கூட்டம்னா நோட்டீஸ்ல போட்டிருக்கிற தேதிக்குள்ள ஸ்பீக்கரா பதிவு பண்ணிக்கோங்க, கேள்விய முன்னாடியே மெயில்லயும் அனுப்பிடுங்க. போர்டு எந்தத் தேதி தீர்மானம் போட்டுச்சு, 7.5 சதவீதத்த எப்படிக் கணக்கு பண்ணினாங்க, நேரா கொடுக்காம டிரஸ்ட்ட ஏன் தேர்ந்தெடுத்தாங்க, எந்தக் கட்சிக்குப் போகணும்னு டிரஸ்ட்டுக்கு கம்பெனி ஏதாவது சொல்லுச்சான்னு தனித்தனியா கேளுங்க. மொத்தமா ஒரே கேள்வியாக் கேட்டா, சட்டப்படிதான் செஞ்சோம்னு சேர்மன் ஒரே வரியில முடிச்சிடுவார்.