தேனீக் கூட்டம் பிடிக்கப் பானை எங்கே கட்டினீர்கள்?

திருவட்டாறு நண்பர்
போன தை மாதம் நடந்தது, இன்னும் மனது ஆறவில்லை. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரத்தில் மெழுகு தேய்த்த மண்பானை கட்டியிருந்தேன். மூன்று நாளாக, கூட்டத்துக்குப் புது இடம் தேடும் வேவு ஈக்கள் வந்து வந்து போயின. நாலாம் நாள் காலையில் இருபது முப்பது ஈ வாசலில் மொய்த்தது. ஆனால் இலை உதிர்ந்த மரமாச்சே, பத்து மணிக்கெல்லாம் வெயில் நேரே பானையில் விழுந்தது. சூடாகிவிடுமே என்று கழற்றிப் பத்தடி தள்ளிப் பலாமரத்தில் கட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் கூட்டம் இரைந்துகொண்டு வந்தது. பானை இருந்த அதே இடத்துக்கு! வெறும் மரப்பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. கயிறு கட்டிய தடத்தில் ஐந்தாறு ஈ உட்கார்ந்து வாசலைத் தேடியது. பலாமரத்துப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. கடைசியில் மேலே எழும்பிப் போய்விட்டது.

அருமனை நண்பர்
அண்ணே, வேவு ஈ பார்த்து வைத்த இடத்துக்குத்தான் கூட்டம் வரும். அது வரத் தொடங்கியபின் பானையைத் தொடவே கூடாது. எனக்கும் ஒரு கூட்டம் பானைக்கு வந்தது, மறுநாளே ஓடிப்போனது. அதிலிருந்து நியூட்டன் பெட்டி என்கிற மரத் தேனீப் பெட்டிதான் வைக்கிறேன். உள்ளே ஈ அடை கட்டுகிற மரச்சட்டத்தில் மெழுகை உருக்கித் தடவினால் போதும். பழைய அடையை அப்படியே வைக்காதீர்கள், மெழுகுப்பூச்சி ஏறிவிடும். ரப்பரில் கட்டவே வேண்டாம். மாவு, பலா, அயனி என்று வருஷம் முழுக்க நிழல் உள்ள மரம் பாருங்கள். வாசல் கிழக்கே இருக்கட்டும், மழைச்சாரல் அடிக்கக் கூடாது. மாசியில் ரப்பர் தளிர்த்துத் தேன் வரும் முன்னே கூட்டம் பிரியும், அதனால் கார்த்திகையிலேயே வைத்துவிடுங்கள். பிடித்த கூட்டத்தை உடனே மற்றப் பெட்டிகளோடு சேர்க்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்று தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் வந்து இங்கே பெட்டி பெட்டியாகச் செத்தது மறந்துவிடவில்லையே?

பேச்சிப்பாறை நண்பர்
பானையைக் குறை சொல்லாதீர்கள். ஓடிப்போனது பானையால் இல்லை, எறும்பாக இருக்கும். கட்டிய கயிற்றில் கிரீஸ் தடவினீர்களா? எங்கள் அப்பா கிணற்றுப் பக்கம் மாமரக் கவையில் வைத்த பானையில் கூட்டம் வந்து அடை கட்டியது. புழு வைத்தபின் ஒரு ராத்திரி பெட்டிக்கு மாற்றினோம். அடையை வாழைநாரால் சட்டத்தில் கட்டும்போது அப்பா கையெல்லாம் ஈ, ஒன்றுகூடக் கொட்டவில்லை. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராணி அடைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அப்பா வெறும் விரலைப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தார், அது மெதுவாக ஏறி வந்தது.