ஒரே ஸ்பேனரில் ஆப்பிரிக்காவுக்குத் தண்ணீர் வந்துவிடுமா?

ஆழ்துளை
இந்த வாரம் எல்லாக் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும் பதிவு: "ஆப்பிரிக்கக் கிராமங்களில் அஃப்ரிடெவ் அடிபம்பு பழுதானால் மெக்கானிக்கே தேவையில்லை. இரண்டு நாள் பயிற்சி, ஒரே ஒரு ஸ்பேனர் போதும். ஊர்ப் பெண்களே அரை மணியில் சரிசெய்துவிடுவார்கள். அரசும் வேண்டாம், நிதியும் வேண்டாம்."

படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கிராமக் குடிநீர் வலையமைப்பு (RWSN) என்ற பன்னாட்டு அமைப்பு 2009இல் வெளியிட்ட மதிப்பீட்டில், சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் ஏறக்குறைய 36 சதவீத அடிபம்புகள் வேலை செய்யாமல் நின்றன. அத்தனையும் ஸ்பேனர் கிடைக்காமலா நின்றன? தரைக்கு மேலே உள்ள வேலைக்கு ஒரு ஸ்பேனர் போதும், அதை மறுக்கவில்லை. மூடியைத் திறந்து, கைப்பிடியின் அச்சான ஃபல்க்ரம் பின், ராடைத் தாங்கும் ஹேங்கர் பின் இரண்டையும் கழற்றி, கைப்பிடியை எடுத்து, தேய்ந்த நைலான் புஷ்ஷை மாற்றலாம். தரைக்குக் கீழே 30 மீட்டர் இருக்கிறதே, அதற்கு?

செவ்வாளி
கீழே உள்ளதற்கும் அதே ஸ்பேனர்தான் ஐயா. குழாய் 63 மி.மீ. பி.வி.சி., சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ. அதனால் குழாயைத் தொடாமலே பிளஞ்சரை, அதாவது தண்ணீரை மேலே ஏற்றும் பிஸ்டனை, ராடோடு மேலே இழுத்துவிடலாம். கொக்கியும் வளையமுமாக மாட்டும் ராடு என்றால் கையாலேயே கழற்றலாம். அடுத்து ராடு நுனியில் ஃபிஷிங் டூல் என்ற கொக்கிக் கருவியை மாட்டி இறக்கினால் அடியில் உள்ள ஃபுட் வால்வும் வந்துவிடும். தண்ணீர் கசியாமல் அடைக்கும் யூ சீல், ஓ ரிங், வால்வைத் திறந்து மூடும் பாபின் மாற்றித் திரும்ப இறக்க வேண்டியதுதான். பிளஞ்சருக்கும் ஃபுட் வால்வுக்கும் ஒரே பாபின். கடையில் தேட வேண்டிய பாகம் குறையட்டும் என்று யோசித்துச் செய்தது அது.

கென்யாவின் குவாலேயில் 1983இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தில் பெண்களைப் பராமரிப்பாளர்களாகப் பழக்கினார்கள். அந்தப் பெண்கள் செய்ததைத்தான் இன்று நம்ப முடியாது என்கிறீர்கள்.

ஆழ்துளை
பெண்களால் முடியாது என்று நான் எங்கே எழுதினேன்? வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

"ஃபிஷிங் டூல்" என்று நீங்களே எழுதிவிட்டீர்களே, அது ஸ்பேனரா? ராடு வழுக்கிக் கிணற்றுக்குள் விழாமல் குழாய் வாயில் தாங்கிப் பிடிக்க இன்னொரு கருவி வேண்டும். ஆக மூன்று. மரையிட்ட ராடு உள்ள பம்பு என்றால் ஒன்று பிடிக்க, ஒன்று திருக்க இரண்டு ஸ்பேனர். ஒரே ஸ்பேனர் என்பது 1980களின் விளம்பர வாசகம். அதையே பிரசாதம் மாதிரி விநியோகிக்காதீர்கள்.

லேத்துப்பட்டறை
ஏனுங்க, அஃப்ரிடெவ் அஃப்ரிடெவ்னே அடிச்சுக்கறீங்களே, இந்தியா மார்க் டூவை மறந்தாச்சா? கோயமுத்தூர்ல சோதிச்சு, மெட்ராஸ் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் கம்பெனில செஞ்சு அனுப்பின பம்பு. உகாண்டா, கானா, சாம்பியானு இன்னைக்கும் தண்ணி எறைக்குது. பிளாஸ்டிக் புஷ் கெடையாது, செயினும் பால் பேரிங்கும்தான். ஒரு நாளைக்கு 300 பேர் அடிச்சாலும் தாங்கும்.

செவ்வாளி
அடிப்படை வடிவம் மகாராஷ்டிரத்து சோலாப்பூர் பம்பு. கோவையில் நடந்தது கள சோதனை. கொஞ்சம் பொறுமையாகப் பெருமை கொள்ளலாம்.

லேத்துப்பட்டறை
சோலாப்பூர் இல்லேனு யார் சொன்னா? அதை ஐ.எஸ். 9301ங்கற இந்தியத் தரத்துக்குக் கொண்டுவந்து, யார் செஞ்சாலும் பாகம் பாகத்தோட பொருந்தற மாதிரி ஆக்குனதுல எங்க ஊருக்குப் பங்கு இருக்குதுங்க. 1983லருந்து 88 வரைக்கும் மறுபடியும் கோயமுத்தூர்லதான் சோதனை. அதுலருந்துதான் மார்க் த்ரீ வந்துச்சு.

ஆழ்துளை
இரண்டு பேரும் ஊர்ப்பெருமையை ஓரமாக வையுங்கள். மார்க் டூவில் பிளஞ்சரின் சீலான ஒரு கப் வாஷர் மாற்ற என்ன ஆகும் என்று கணக்கு போடுவோம். சிலிண்டர் குழாயைவிட அகலம், ஆகவே குழாய் முழுவதையும் தூக்கியாக வேண்டும். 32 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் மீட்டருக்கு ஏறக்குறைய 3.1 கிலோ. 40 மீட்டருக்கு 125 கிலோ. 12 மி.மீ. ராடு இன்னொரு 36 கிலோ. ஃபுட் வால்வு ஒழுகாமல் இருந்தால் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் 40 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 200 கிலோ. கிளாம்ப், பைப் ரெஞ்ச், தூக்கும் கருவிகள், நாலைந்து ஆட்கள் வேண்டும். கிளாம்ப் ஒருமுறை நழுவினால் அத்தனையும் போருக்குள்ளே. மார்க் த்ரீயில் வாஷருக்காகத் தூக்க வேண்டாம். ஆனால் குழாய் 65 மி.மீ.; துருப்பிடித்து மாற்றும் நாள் வந்தால் மீட்டருக்கு 6 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டும். இங்கே உங்கள் ஒரே ஸ்பேனர் என்ன செய்யும்?

செவ்வாளி
ஒரே ஸ்பேனர் என்று சொன்னது அஃப்ரிடெவ்வுக்கு. மார்க் டூவை நடுவில் கொண்டுவந்தது நீங்கள் இல்லை, சரி, ஆனால் அதன் எடையை என் தலையில் ஏற்றுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை
ஒரு நிமிடம். "வேலை செய்கிறது" என்று எதைச் சொல்கிறீர்கள்? கணக்கெடுக்க ஆள் வந்த அன்று தண்ணீர் வந்தால் போதுமா, நிமிடத்துக்கு 10 லிட்டராவது வர வேண்டுமா, வருஷம் முழுக்க வர வேண்டுமா? எத்தியோப்பியா, மலாவி, உகாண்டாவில் இப்படிப் பிரித்து ஆராய்ந்தபோது அளவுகோல் கடுமையாகக் கடுமையாகத் தேறும் பம்புகளின் விகிதம் இறங்கிக்கொண்டே போனது.

ஏன் முக்கியம் என்றால்: 250 பேர், ஆளுக்கு 20 லிட்டர், நாளைக்கு 5,000 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தால் ஐந்தரை மணி நேரத்தில் வரிசை முடியும். சீல் தேய்ந்து 6 லிட்டராகக் குறைந்தால் அதே தண்ணீருக்குப் பதினான்கு மணி நேரம். பட்டியலில் அது "இயங்கும் பம்பு". வரிசையில் நிற்கும் பெண் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூடம் போய்விட்டது.

செவ்வாளி
தேய்ந்த சீலை மாற்றத்தானே ஸ்பேனர்!

ஆழ்துளை
சீல் எங்கே கிடைக்கிறது? அதைச் சொல்லுங்கள் முதலில். ஒரு யூ சீல் உள்ளங்கையில் அடங்கும், மலிவான பொருள்தான். மாவட்டத் தலைநகரில் ஒரு கடை வைத்திருக்கும். அந்தக் கடைக்காரருக்கு மாதத்தில் நாலு சீல் விற்று என்ன லாபம்? அடுத்த முறை வாங்கி வைக்கமாட்டார். தொண்டு நிறுவனம் ஒன்று வந்து ஒரு பெட்டி சீலை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும். அதோடு கடைக்காரர் ஸ்டாக் எடுப்பதையே நிறுத்துவார். இலவசப் பெட்டி காலியானதும் ஊரிலும் இல்லை, கடையிலும் இல்லை. பயிற்சி பெற்ற அம்மா ஸ்பேனரை வைத்துக்கொண்டு நிற்பார்.

அடுத்தது பணம். மலாவியில் அறுவடை ஏப்ரல், மே. கையில் காசு அப்போதுதான். பம்புக்கு வேலை கூடுவதும் தேய்மானம் கூடுவதும் ஆகஸ்டிலிருந்து மழை வரும் நவம்பர் வரை. மாதம் இவ்வளவு என்று வசூல் வைத்தால் நாலாவது மாதம் பொருளாளர் வீடு வீடாக நடந்து கெட்ட பெயர் வாங்குவார். அறுவடையில் ஒரே தடவை வாங்கிவிடுங்கள், பணமாக முடியாதவரிடம் சோளமாக வாங்கி விலை ஏறும்போது விற்றுப் பணமாக்குங்கள். அந்தப் பணம் பெட்டியில் தூங்கக் கூடாது. தூங்கினால் யாராவது கடன் கேட்பார்கள், அப்புறம் திரும்பி வராது. உடனே சீல் ஒன்று, புஷ் ஒரு ஜோடி, ஓ ரிங் ஒன்று வாங்கிப் பூட்டி வையுங்கள்.

மழைக்காகம்
சோலார் பம்பு போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

ஆழ்துளை
இன்வர்ட்டர் போனால் எந்த ஊர்க் குழு மாற்றும்? பிள்ளைகள் சுற்றி விளையாடினால் தண்ணீர் ஏறும் என்ற ராட்டினப் பம்புக்கு 2006இல் 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். விளையாட ஆள் இல்லாத நேரத்தில் அந்தச் சக்கரத்தைத் தள்ளியது பெரிய பெண்கள்தான். புதுப் பொருளைக் காட்டி பராமரிப்புக் கேள்வியிலிருந்து தப்பிப்பது பழைய பழக்கம்.

மழைக்காகம்
ராட்டினத்தை நான் சொல்லவே இல்லை. நீங்கள் போன மாதம் மழைநீர்த் தொட்டி இழையிலும் இதே மாதிரிதான் யாரும் சொல்லாததை எடுத்து அடித்தீர்கள்.

ஆழ்துளை
அந்த இழையில் சிமெண்ட் கலவை விகிதத்தைத் தப்பாகப் போட்டது யார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும்.

செவ்வாளி
பேச்சை மாற்றுகிறீர்கள். கேள்வி ஒன்றுதான்: கொக்கி ராடு உள்ள அஃப்ரிடெவ்வில் யூ சீல் மாற்ற எத்தனை ஸ்பேனர்? ஒன்று. ஃபிஷிங் டூல் ஸ்பேனர் கிடையாது, ஆகவே கணக்கில் வராது. பதிவில் "ஒரே ஸ்பேனர்" என்றுதான் இருக்கிறது, "ஒரே கருவி" என்று இல்லை.

ஆழ்துளை
வக்கீல் வாதம். சரி, பி.வி.சி. குழாய் இணைப்பில் விட்டுப்போனால்? 30 மீட்டரைத் தாண்டிய ஆழத்தில் இது வாடிக்கை. ஒட்டும்போது ஈரத்தைத் துடைக்காமல், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்காமல், பசையைத் தடவி உடனே இறக்கிவிடுவார்கள். பசை இறுகும் வரை, ஒரு நாளாவது, பம்பை அடிக்கக் கூடாது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் மறுநாள் காலையில் வருகிறார் என்றால் யார் காத்திருப்பது? ராடைக் குழாயின் நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர் தேய்ந்தால் ராடு குழாயின் உட்சுவரை அறுக்கும். உடைந்து விழுந்த குழாயை எடுக்க உங்கள் ஒரே ஸ்பேனரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடப் போகிறீர்களா?

லேத்துப்பட்டறை
அதுக்குத்தான் இரும்புக் குழாய்னு சொல்றோம். பி.வி.சி. எல்லாம் தோட்டத்துக்கு.

ஆழ்துளை
நிலத்தடி நீரின் பி.எச். 6.5க்குக் கீழே போனால், அதாவது அமிலத்தன்மை கூடினால், உங்கள் துத்தநாகப் பூச்சு நிற்காது. மேற்கு ஆப்பிரிக்காவில் 1980களிலேயே ஆராய்ந்து சொன்னது. குழாய் ஓட்டை விழும் முன்பே தண்ணீர் சிவக்கும், துணி கறைபடும், தேநீர் கறுக்கும், சனங்கள் பழைய ஓடைக்கே திரும்புவார்கள். பம்பு "இயங்கும்", குடிக்க ஆள் இருக்காது.

நிலத்திலேயே இரும்பா, குழாயின் துருவா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. இரவு முழுக்க அடிக்காமல் விட்டு, விடிந்ததும் முதல் வாளியைப் பிடியுங்கள். பிறகு ஒரு மணி நேரம் நிறுத்தாமல் அடித்து இன்னொரு வாளி. முதல் வாளி சிவந்து, பின்னது தெளிந்தால் குற்றவாளி குழாய். இரண்டும் ஒரே நிறம் என்றால் நிலம். இதைச் செய்யாமலே "இந்த ஊர்த் தண்ணி அப்படித்தான்" என்று எழுதிக் கைவிட்ட போர்கள் ஏராளம். உகாண்டாவில் யூ த்ரீ எம் என்று மார்க் த்ரீயையே மாற்றி, பி.வி.சி. குழாயும் துருப்பிடிக்காத எஃகு ராடும் போட்டது எதற்கு என்று நினைக்கிறீர்கள்?

லேத்துப்பட்டறை
பூச்சு சரியாப் போட்டா நிக்குமுங்க. மெல்லிசாப் பூசி, "இந்தியா மார்க் டூ"னு முத்திரை குத்தி ஏத்தறவங்களாலதான் எங்களுக்குக் கெட்ட பேரு. வடிவம் பொதுச்சொத்து, யார் வேணாலும் செய்யலாம், அதுதான் வினை.

ஆழ்துளை
முழுத் தடிமனில் பூசினாலும் அமிலத் தண்ணீரில் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை
கென்யாவின் கியூசோவில் செய்தது இந்தச் சண்டைக்கு நேராகப் பொருந்தும். கைப்பிடிக்குள் அசைவு உணரும் சிறு கருவி வைத்து, எத்தனை அடி அடித்தார்கள் என்று கைபேசி வலை வழியே அனுப்பவைத்தார்கள். அடி நின்றால் மெக்கானிக் கிளம்புவார். பழுது நீங்க முன்பு சராசரி 27 நாள், பிறகு 3 நாளுக்கும் குறைவு. அதிலிருந்து ஃபண்டிஃபிக்ஸ் என்ற பராமரிப்பு நிறுவனம் வந்தது. ஊர் கட்டணம் கட்டும், பற்றாக்குறையை ஓர் அறக்கட்டளை நிதி ஈடுகட்டும். உள்ளூர் இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு வேலை. "வேலை செய்கிறது" என்பதை நாள் கணக்கில் அளந்ததால்தான் இது முடிந்தது.

செவ்வாளி
அங்கேயும் மெக்கானிக் பையில் இருப்பது அதே ஸ்பேனர்தான்.

ஆழ்துளை
அவருக்குப் பின்னால் சம்பளம், வண்டி, பாகக் கிடங்கு, நிதி நான்கும் இருக்கின்றன. பதிவு எழுதியவர் வேண்டாம் என்று தள்ளியது அந்த நான்கைத்தான். ஊரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்வது கேட்க இனிக்கும். ஒரு மனுஷியைக் கூலியில்லாத நீர்வாரிய ஊழியராக்கி, பம்பு நின்ற அன்று பழியையும் அவர் மேலேயே போடும் ஏற்பாடு அது. உகாண்டாவில் மாவட்டந்தோறும் அடிபம்பு மெக்கானிக் சங்கங்கள் வைத்தது, வேலைக்குக் கூலியும் பொறுப்பும் இருக்கட்டும் என்றுதான்.

செவ்வாளி
தன் ஊர்ப் பம்பைத் தானே கழற்றத் தெரிந்த பெண்ணை எந்த மெக்கானிக்கும் ஏமாற்ற முடியாது. குவாலே பெண்களுக்கு அந்தப் பயிற்சி அதைத்தான் கொடுத்தது. அதைக் கூலியில்லாத வேலை என்று சுருக்குகிறீர்கள். கொக்கி ராடு கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

ஆழ்துளை
வந்தது, நீங்கள் படிக்கவில்லை. இப்போது லேத்துப்பட்டறைக்கு: போலிக் குழாய் தொல்லை என்றால் வழி இருக்கிறது. லாரி வந்து நிற்கும் இடத்திலேயே, இறக்கும் முன், நாலு குழாயை எடுத்து எடை போட வேண்டும். 3 மீட்டர் குழாய் 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் சுவர் மெலிந்தது என்று அர்த்தம். துருப்பிடிக்காத எஃகு ராடைக் காந்தம் வைத்துச் சோதிக்கிறேன் என்பார்கள், பிரயோஜனமில்லை. நல்ல 304 ரகமும் ஒட்டாது, மட்டமான 202 ரகமும் ஒட்டாது. ஆய்வுக்கூடத்தில் உலோகக் கலவை பார்த்தால்தான் தெரியும்.

லேத்துப்பட்டறை
எடை போடறதை நாங்க வேண்டாங்கலீங்க. எடை கொறைஞ்சா லாரியத் திருப்பி அனுப்புனு டெண்டர்ல எழுத வேண்டியது வாங்கறவங்க. வெலை கம்மியா இருக்கறவனுக்கே ஆர்டர்னு எழுதி வெச்சுட்டு, வந்த பிற்பாடு கோயமுத்தூரைத் திட்டுனா எப்படிங்க?

ஆழ்துளை
கோயமுத்தூரை யார் திட்டினார்கள்? வரியைக் காட்டுங்கள்.