பெரிய வீட்டுச் சொந்தங்கள் (குழு)

மீனா: கவின் வகுப்பாசிரியர் கூப்பிட்டுப் பேசினார். இரண்டாம் வகுப்பு முடியப் போகிறது, இன்னும் வாசிக்க வரவில்லையாம். வீட்டில் பாடத்தைச் சரளமாகச் சொல்கிறானே அத்தை?

சரோஜா: புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்.

மீனா: அப்போதும் சொல்கிறான்

சரோஜா: அது மனப்பாடம்மா. 'டபம்' என்று அர்த்தமில்லாமல் ஒன்று எழுதிக் கேள்.

செந்தில்: ஞாயிறு திருக்கடையூர் வேன் 12 சீட்டு. யார் யார்?

கீதா: நாங்கள் 4

மீனா: 'டபம்' எழுதினேன். 'பட்டம்' என்கிறான்.

முருகேசன்: இரண்டு போடு போட்டால் வரும். எங்கள் வாத்தியார் அப்படித்தான்.

சரோஜா: உங்களுக்குப் படிப்பு வந்தது அண்ணா. ராஜுவுக்கு அடி மட்டும்தான் வந்தது. எட்டாவதோடு அப்பா நிறுத்திவிட்டார்.

முருகேசன்: அதை இப்போது ஏன் இழுக்கிறாய்

கீதா: இவர் இன்றுவரை குரல் பதிவு மட்டும்தான் போடுகிறார்

ராஜு: [குரல் பதிவு 0:14]

மீனா: சரி சித்தப்பா. கை வைக்க மாட்டேன்.

செந்தில்: முன் சீட்டும் குறித்துக்கொண்டேன் சித்தப்பா

சரோஜா: மீனா, 247 என்றதும் மலைக்காதே. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம். மற்ற 216-ம் சேர்க்கைதான். அத்தனையையும் வரிசையாக ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவது என்றால் பிள்ளை களைத்துவிடும். முதலில் எழுத்தே வேண்டாம், காது போதும். 'படம்' என்று சொல், முதலில் என்ன சத்தம் என்று கேள். 'ப'வை எடுத்து 'ம' வைத்தால்? மடம். இது பழகியதும் ட, ப, ம, ர மட்டும் காட்டு, கூடவே புள்ளி. படம், மரம், பட்டம். சத்தங்களைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், படத்தைப் பார்த்து ஊகிக்க விடாதே. தெரிந்த எழுத்துகளால் ஆன சொல்லை மட்டும் கொடு. அப்புறம் துணைக்கால்: பாடம், மாடம். அது தடுமாறாமல் வந்த பிறகுதான் கொம்பு. 'கெ'யில் குறி முன்னால் நிற்கும், அதன் சத்தம் பின்னால் வரும். 'கொ'வில் குறி இரண்டு பக்கமும். பிள்ளைகள் திணறுவது இங்கேதான். கு, டு, து எல்லாம் வடிவமே மாறும், தனித்தனியாகப் பழக்க வேண்டும்.

கீதா: அண்ணி, 'மேலும் படிக்க' வந்துவிட்டது

கீதா: தங்கை மகளுக்கு அரசுப் பள்ளியில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்களே, அதுவா?

சரோஜா: அது 'எண்ணும் எழுத்தும்' என்கிற அரசுத் திட்டம், 2022-ல் வந்தது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கிற நிலையிலிருந்து தொடங்குவது. கவினும் அரும்பில்தான் தொடங்க வேண்டும்.

மீனா: இரண்டாம் வகுப்பில் அரும்பா? அவன் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

முருகேசன்: கடன் வாங்கிப் பெரிய பள்ளியில் சேர்க்காதே என்றேன்

மீனா: பெரியப்பா 🙏

சரோஜா: சில மாதம் இப்படிச் சொல்லிக் கொடுத்தும் நகரவில்லை என்றால் டிஸ்லெக்சியாவா, அதாவது வாசிப்புக் குறைபாடா என்று பார்க்க வேண்டும். கண், காது பரிசோதனையை இப்போதே செய். டிஸ்லெக்சியா அறிவுக் குறைவு இல்லை. அந்தப் பிள்ளைக்கும் இதே முறைதான், இன்னும் நிதானமாக.

கீதா: இவரை அன்றைக்கு யாராவது பார்த்திருக்கலாம்

முருகேசன்: வேன் எத்தனை மணிக்கு

செந்தில்: காலை 4

மீனா: நான் வேலை முடிந்து வர ஏழாகிறது. தினமும் யார் உட்காருவது அத்தை?

சரோஜா: 20 நிமிடம் போதும். நான் வருகிறேன். அவன் அப்பாவிடம் கேட்டுச் சொல்.

மீனா: இன்னும் பேசவில்லை

செந்தில்: 12-ம் நிரம்பிவிட்டது

கீதா: நாங்கள் 5. அம்மாவும் வருகிறார்.

செந்தில்: சித்தி!!