மேமோகிராமில் ‘அடர்த்தி’ என்று வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மழைத்துளி:
வயது 46, நியூ ஜெர்சி. போன மாத மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் புற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் மார்பக அடர்த்தி ‘டி’, அதாவது ஏ முதல் டி வரையுள்ள நாலு வகையில் ரொம்ப அடர்த்தியானது. 2024 செப்டம்பரிலிருந்து இங்கே எல்லா மாநிலத்திலும் இதைக் கடிதத்தில் சொல்லியாக வேண்டும், அதனால்தான் தெரிந்தது. டாக்டர் திரையில் இரண்டு படம் காட்டினார். மாதிரிக்கு வைத்திருந்த கொழுப்பு மிகுந்த மார்பகம் ஒரே கறுப்பு, நடுவே நூல் நூலாக வெள்ளை. பக்கத்தில் என்னுடையது, பால் கொட்டிய மாதிரி. “கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும்” என்றார். கண்ணை மூடினால் அந்த வெள்ளைதான் வருகிறது. தொட்டால் மிருதுவாகத்தானே இருக்கிறது, இது எப்படி அடர்த்தி?

வைகைக்கரை:
தொட்டால் தெரியாது தோழி. சுரப்பியும் நார்த்திசுவும் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது படத்தில்தான் தெரியும். என் அக்காவுக்கு ரிப்போர்ட் ‘நார்மல்’. கீழே ‘சி’ என்று ஒரு எழுத்து. நாங்களும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ரிப்போர்ட் வந்த ஏழாம் மாதம், குளித்துக்கொண்டிருந்தவள் கதவைத் திறந்து, சோப்பு நுரையோடு என் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தாள். கொண்டைக்கடலை அளவு. அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று தெரிந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த ஈரக் கையின் நடுக்கம் எனக்குத்தான் இன்னும் போகவில்லை.

செம்பருத்தி:
வைகைக்கரை, புதிதாக ரிப்போர்ட் வாங்கியவரிடம் இதையா முதலில் சொல்வது? அமெரிக்காவில் 40 தாண்டிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சி அல்லது டிதான். இளவயதிலும் ஒல்லியானவர்களுக்கும் சகஜம். எனக்கு 42-ல் சி, மாதவிடாய் நின்றபின் பி. கொஞ்சம் எடை போட்டேன், குறைந்துவிட்டது. கவலையே வேண்டாம்.

நிலவொளி:
செம்பருத்தி அக்கா, எடை விஷயத்தை மட்டும் அப்படியே விட முடியவில்லை. எடை கூடினால் கொழுப்பு கூடும், அடர்த்தி சதவீதம் இறங்கும், சரி. ஆனால் மாதவிடாய் நின்றபின் பருமனே தனியாக ஓர் ஆபத்துக் காரணி. படம் கறுப்பாகிவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது.

எனக்கு நடந்தது இதுதான். மாதவிடாய் நின்றபின் உடம்புச் சூடு தாங்காமல் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தேன். ஒரு வருடத்தில் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்தார்கள். மூடுபனி இறங்கினாற்போல் இருந்தது.

மழைத்துளி, அடர்த்தி கட்டியை மறைக்கும், தானாகவே ஆபத்தையும் கூட்டும். 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அடர்த்தி 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆபத்து, 5 சதவீதத்துக்கும் குறைவாக உள்ளவர்களைவிட நாலரை மடங்குக்கு மேல். இது இரண்டு கடைக்கோடிகளுக்கு நடுவிலான கணக்கு, சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் இவ்வளவு வராது. இதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். வயது, குடும்பத்தில் யாருக்காவது வந்ததா, முதல் பிள்ளை எந்த வயதில், முன்பு பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) எடுத்தீர்களா, எல்லாம் சேரும். அடர்த்தியே பெரும்பாலும் பரம்பரையாக வருவதுதான். முப்பரிமாண மேமோகிராம், அல்ட்ராசவுண்டு, எம்ஆர்ஐ இவற்றில் எது வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பழைய படங்களை எடுத்துப் போங்கள். மாதவிடாய் முடிந்த வாரம் மேமோகிராமுக்குப் போனால் வலி குறைவு. அக்குளில் பவுடர், டியோடரன்ட் வேண்டாம், படத்தில் புள்ளி புள்ளியாக விழும்.

வைகைக்கரை:
செம்பருத்தி, பயமுறுத்த எழுதவில்லை. அந்த ‘சி’யை அன்றைக்கே யாராவது எங்களுக்கு விளக்கியிருக்கலாம் என்ற ஆதங்கம்தான்.

மழைத்துளி:
நிலவொளி கேட்டதற்காக நேற்று மதுரைக்குப் போன் செய்து அம்மாவிடம் விசாரித்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், “பெரியம்மாவுக்கு எடுத்தது அதுதான். அப்போ அவளுக்கு 44. வீட்டில் கல்யாணத்துக்கு நீங்க மூணு பொண்ணுங்க இருந்தீங்க, வெளியே சொல்லல” என்றார். கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தோம். தங்கைகள் இருவருக்கும் இன்று காலையில் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன்.