ரெண்டுக்கு அஞ்சு: ஆய்வகத்தில் மாட்டிக்கொண்ட கதைகள்

டைட்ரேஷனில் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பதில்) மாட்டிக்கொண்ட நால்வர் ஒவ்வொருவராகச் சொன்ன கதைகள் இவை.

பிளஸ் டூ முடிக்கும்வரை எனக்கு நார்மாலிட்டிதான் (லிட்டருக்கு எத்தனை சமான எடை என்ற கணக்கு) தெய்வம். 'வி ஒன் என் ஒன் ஈக்குவல் டு வி டூ என் டூ' என்று பாட்டு மாதிரி மனப்பாடம். எண்ணைப் போட்டால் விடை வரும். சமன்பாட்டை எதற்காகச் சமன் செய்கிறோம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பி.எஸ்சி. முதல் வருடம் மோலாரிட்டியில் (லிட்டருக்கு எத்தனை மோல் என்ற கணக்கில்) போடச் சொன்னார்கள். 'என்'னை எடுத்துவிட்டு 'எம்' போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம், பிப்பெட்டில் 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, ஆவி பறக்கச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டை விட்டேன். முதல் சொட்டின் இளஞ்சிவப்பு போகவே இல்லை. அதற்குள் முடிவுப்புள்ளியா, வினை முடிந்து நிறம் நின்றுவிட்டதா என்று பயந்துவிட்டேன். குலுக்கிக்கொண்டே இருந்ததில் மெதுவாக மறைந்தது. அப்புறம் விடவிட உடனுக்குடன் நிறம் போனது. (வினையில் உண்டாகும் மாங்கனஸ் அயனியே வினையை வேகப்படுத்துகிறது. அது தெரியாமல் முதல் சொட்டிலேயே அளவைக் குறித்தவர்களும் எங்கள் பேட்சில் உண்டு.) சரியாக 20 மி.லி.யில் நிறம் நின்றது. இருபதுக்கு இருபது! பெர்மாங்கனேட்டும் 0.05 மோலார் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆய்வக உதவியாளர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "லிட்டருக்கு 3.16 கிராம்தான் தம்பி போட்டேன். உன் கணக்குப்படி 7.9 கிராம் போட்டிருக்கணும். மிச்சத்தை யார் கொண்டுவந்து கொட்டினது?"

அன்றைக்குத்தான் அரை வினைகளை, அதாவது எலெக்ட்ரான் வாங்குவதைத் தனியாகவும் தருவதைத் தனியாகவும், உட்கார்ந்து எழுதினேன். மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7 இலிருந்து +2க்கு இறங்க 5 எலெக்ட்ரான் வேண்டும். ஆக்சலேட்டில் இரண்டு கார்பனும் +3 இலிருந்து +4க்கு ஏற, தருவது 2. ஆக, 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 ஆக்சலேட். 0.05ஐ 2ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 0.02 மோலார், அதாவது அண்ணன் போட்ட அதே 3.16 கிராம். பிளஸ் டூவில் பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு எடை 158ஐ 5ஆலும் ஆக்சாலிக் அமிலத்தின் 126ஐ 2ஆலும் வகுத்துச் சமான எடை என்று எழுதினோமே, இந்த விகிதம் அத்தனை நாளும் அதற்குள்தான் ஒளிந்திருந்தது.

*

நான் டியூஷன் எடுப்பவள். ஒரு பையன் பெர்மாங்கனேட்டை விட்டுப் பெர்ரஸ் (+2) இரும்பை அளக்கும் கணக்கைக் கொண்டுவந்தான். விடையில் இரும்பு ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருந்தது. "அணுவெல்லாம் சரியா இருக்கு மிஸ், எண்ணிப் பாருங்க" என்றான். எண்ணினேன். ஒரு பெர்மாங்கனேட், ஒரு பெர்ரஸ், எட்டு ஹைட்ரஜன் அயனி. அந்தப் பக்கம் ஒரு மாங்கனஸ் (+2), ஒரு பெர்ரிக் (+3), நான்கு தண்ணீர். உண்மையிலேயே ஓர் அணுகூடப் பிசகவில்லை! மின்சுமையைக் கூட்டச் சொன்னேன். இடப்பக்கம் +9, வலப்பக்கம் +5. பெர்ரஸையும் பெர்ரிக்கையும் ஐந்தைந்தாக்கிய பிறகுதான் இரண்டு பக்கமும் +17 ஆனது. பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

*

மின்சுமை சரியாக இருந்தாலும் நம்ப வேண்டாம் அக்கா. ஹைட்ரஜன் பெராக்சைடில் நான் வாங்கிய அடி அப்படி. 2 பெர்மாங்கனேட், 1 பெராக்சைடு, 6 ஹைட்ரஜன் அயனி. வலப்பக்கம் 2 மாங்கனஸ், 3 ஆக்சிஜன், 4 தண்ணீர். அணுவும் சரி, சுமையும் சரி, விடை மட்டும் தப்பு. பெராக்சைடு 3 என்று போட்டு, ஆக்சிஜனை 4, தண்ணீரை 6 ஆக்கினாலும் சமனாகித் தொலைக்கிறது. வினையில் நடப்பது 5தான்: 5 ஆக்சிஜன், 8 தண்ணீர். மாங்கனீசு இரண்டும் சேர்ந்து 10 எலெக்ட்ரான் கேட்கும்போது ஒரு பெராக்சைடு 2தானே தரும்? வாயுவாக வரும் ஆக்சிஜன் முழுக்கப் பெராக்சைடின் ஆக்சிஜன் என்று முதலிலேயே சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு மாலை மிச்சமாகியிருக்கும்.

*

எனக்கு வாய்த்தது அயோடினைத் தயோசல்பேட் விட்டு அளப்பது. கந்தகத்தின் ஆக்சிஜனேற்ற எண் 2 இலிருந்து 2.5 ஆகிறது என்று எழுதினேன். சராசரிதான், தப்பில்லை. ஆனால் மேடம் விடவில்லை: "அரை எலெக்ட்ரானை எதை வைத்து வெட்டினாய்?" முழித்தேன். பக்கத்து டேபிள்காரிதான் காதில் ஓதினாள், ஒரு தயோசல்பேட்டில் கந்தகம் ரெண்டுடி என்று. அரையும் அரையும் ஒன்று. அயோடின் மூலக்கூறுக்கு இரண்டு வேண்டும். எனவே 2 தயோசல்பேட்டுக்கு 1 அயோடின். சொல்லி முடிப்பதற்குள் என் குடுவையில் அயோடின் தீர்ந்து ஸ்டார்ச்சின் நீலம் எப்போதோ போய், நான் அளவைத் தாண்டி ஊற்றியிருந்தேன்.