எல்லா ஊழியருக்கும் போதைப்பொருள் சோதனையா?

முகில்: எங்கள் நிறுவனத்தில் அடுத்த மாதத்திலிருந்து யாரை வேண்டுமானாலும் திடீரென்று கூப்பிட்டுச் சிறுநீர்ச் சோதனை செய்வார்களாம். கணக்கு எழுதுகிறவருக்கும் உண்டு. மறுத்தால் வேலை போய்விடும். இது நியாயமா?

கிரேன் ஓட்டுநர்: செய்யட்டுமே. நான் தூக்கும் இரும்புக்குக் கீழே மனிதர்கள் நடக்கிறார்கள். 1987-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ரயில்கள் மோதி 16 பேர் செத்தார்கள். சிக்னலைத் தாண்டி எஞ்சினை ஓட்டி வந்தவர்கள் கஞ்சா புகைத்திருந்தார்கள். அந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம்தான் 1991-இல் அங்கே போக்குவரத்து ஊழியர்களுக்குச் சோதனையைச் சட்டமாக்கினார்கள்.

வெண்ணிலா: கிரேனுக்குச் சரி, கணக்கருக்கு எதற்கு? அதைவிட, சிறுநீர்ச் சோதனை இப்போது போதையில் இருக்கிறாரா என்று சொல்லவே சொல்லாது. உடல் உடைத்துத் தள்ளிய மிச்சத்தைத்தான் காட்டும். அடிக்கடி கஞ்சா எடுத்தவருக்கு அந்த மிச்சம் வாரக்கணக்கில் இருக்கும். கோகைன் சில நாளில் போய்விடும். விடுமுறையில் புகைத்தவர், வேலையில் தெளிவாக இருந்தும் மாட்டுவார்.

கிரேன் ஓட்டுநர்: எப்போது எடுத்தார் என்பது எனக்கு முக்கியமில்லை. எந்த நாளும் கூப்பிடலாம் என்ற பயம் இருந்தால்தான் ஆள் தொடமாட்டான்.

வெண்ணிலா: கனடா உச்ச நீதிமன்றம் 2013-இல் ஒரு காகித ஆலை வழக்கில் இதைத்தான் பார்த்தது. அங்கே முன்னறிவிப்பில்லாத மதுச் சோதனை 22 மாதம் நடந்தும் ஒருவர்கூட மாட்டவில்லை. ஆபத்தான வேலையிடம் என்பது மட்டும் போதாது, அங்கே பிரச்சினை இருப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள்.

ஆய்வகத்தான்: ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். முதல் கட்டச் சோதனை வேகமானது, ஆனால் ஏமாறும். சில சளி மருந்துகள்கூட ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்து மாதிரி காட்டும். அபின் செடியின் விதையான கசகசாவைத் தின்றவர்கள் மாட்டியதால் அமெரிக்க அரசு 1998-இல் ஓபியேட் (அபின் வகைப் பொருள்) வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தியது. எந்தப் பொருள் என்று துல்லியமாகச் சொல்லும் நிறை நிறமாலைமானி என்ற கருவியில் உறுதிசெய்யாமல் யாரையும் நீக்கக் கூடாது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை மருத்துவர் மட்டும் விசாரிக்க வேண்டும், மேலாளர் அல்ல. கவனக்குறைவு நோய்க்கு (ADHD) ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரை சாப்பிடுகிறவரின் ரகசியம் இங்கேதான் உடைகிறது.

கிரேன் ஓட்டுநர்: மருத்துவரிடம் மட்டும் என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் சந்தேகம் வந்தால் மட்டும் சோதிக்கலாம் என்பதை ஏற்கமாட்டேன். சந்தேகம் வருவதற்குள் பாரம் விழுந்திருக்கும்.

வெண்ணிலா: உங்கள் பிரிவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவை விட்டுவிடச் சொல்லுங்கள்.

முகில்: மருந்து விவரத்தை யார் பார்ப்பார்கள், முடிவை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போவதில்லை.