பாறுகள் இல்லாத மௌன கோபுரத்தில் இப்போது என்ன நடக்கிறது?

முகில்:
மும்பை மலபார் ஹில்லில், பார்சிகள் இறந்தவர் உடலை வைக்கும் மௌன கோபுரங்கள் உள்ள டூங்கர்வாடியைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பார்சிகள் ஏன் உடலைப் பறவைகளுக்குக் கொடுக்கிறார்கள்? கோபுரத்தின் உள்ளமைப்பு எப்படி? பாறு கழுகுகள் மறைந்தபின் உடல்கள் என்ன ஆகின்றன?

கல்வெட்டு:
காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாகப் புரியும். பார்சிகளின் மதமான ஜொராஸ்ட்ரிய நம்பிக்கையில் உயிர் போன உடலை ‘நசு’ என்னும் தீட்டு பற்றிக்கொள்கிறது. நெருப்பு, நிலம், நீர் மூன்றும் புனிதம். ஆகவே எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, ஆற்றிலும் விடக் கூடாது. மிச்சம் வெயிலும் பறவையும்தான்.

உடலைக் குளிப்பாட்டி, துவைத்த பழைய வெள்ளாடை உடுத்தி, இடுப்பில் ‘குஸ்தி’ என்னும் புனித நூல் கட்டுவார்கள். பிறகு சக்தீத்: கண்களுக்கு மேல் இரண்டு புள்ளிகள் கொண்ட ‘நாற்கண்’ நாயைக் கொண்டுவந்து உடலைப் பார்க்கச் செய்வது. சுமப்பவர்கள் நஸ்ஸேசாலர்கள். பாடை இரும்பில்தான் இருக்கும்; மரம் தீட்டை உறிஞ்சிவிடும் என்பார்கள். பின்தொடர்பவர்கள் இருவர் இருவராக ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தபடி நடப்பார்கள், அதுதான் பைவந்த். இதெல்லாம் பகலில் மட்டுமே. கோபுரத்துக்குள் குடும்பத்தாருக்கும் அனுமதி இல்லை.

உள்ளே கூரை கிடையாது. வட்டக் கல்மேடை நடுவை நோக்கிச் சரியும். அதில் ‘பாவி’ எனப்படும் பள்ளங்கள் மூன்று வட்டங்களாக: வெளியே ஆண்கள், நடுவில் பெண்கள், உள்ளே குழந்தைகள். மையத்தில் பண்டார் என்ற கிணறு. வெயிலில் வெளுத்த எலும்புகள் அதில் சேரும். மழைநீர் அங்கிருந்து வாய்க்கால்கள் வழியே, கரியிலும் மணற்கல்லிலும் வடிந்து, நான்கு நிலத்தடிக் கிணறுகளுக்குப் போகும். மண்ணைத் தீட்டிலிருந்து காக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஆனால் சதையை அகற்றும் வேலை முழுக்கப் பறவையிடம் விடப்பட்டது.

பனங்காடை:
அந்தப் பறவையைக் கொன்றது டைக்ளோஃபெனாக். மாட்டுக்குப் போடும் வலிநிவாரணி. மருந்து உடலில் இருக்கும்போதே மாடு செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படியும். சில நாளில் சாவு. 2004இல்தான் இது உறுதியானது. அதற்குள் வெண்முதுகுப் பாறு பெரும்பாலும் போய்விட்டது: 1992 முதல் 2007 வரை இந்தியாவில் 99.9% வீழ்ச்சி. கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் 2006இல் தடையானது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015இல் ஊசிக் குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள்.

கோபுரத்துக்காகப் பெரிய கூண்டில் பாறுகளை வளர்க்கலாமே என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இறந்தவருக்குக் கடைசி நாட்களில் இதே ஊசி போட்டிருந்தால், ஓர் உடலே பல பறவைகளைக் கொன்றுவிடும்.

முகில்:
பாறுகளுக்குப் பதிலாக, வெயிலை உடலின் மேல் குவிக்கும் சூரிய ஒளிக் குவிப்பான்களைக் கோபுரத்தில் வைத்தார்களே, அவை போதவில்லையா?

கல்வெட்டு:
அவை உடலை எரிப்பதில்லை, உலர்த்துகின்றன, அதனால்தான் ஒப்புக்கொள்ளப்பட்டன. ஆனாலும் ‘இது மறைமுக எரியூட்டல்’ என்ற எதிர்ப்பு உண்டு. பெரிய குறை மழைக்காலம். மேகம் மூடினால் வெப்பம் ஏறாது, ஈரத்தில் அழுகல்தான் நடக்கும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதுதான் நிலை. பாறுக் கூட்டம் ஓர் உடலை மணிக்கணக்கில் முடித்துவிடும். காகமும் பருந்தும் அதற்கு ஈடாகாது.

இதனால் எரியூட்டலை நாடும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காக 2015இல் வொர்லியில் பிரார்த்தனைக் கூடம் திறந்தார்கள். இறந்தவரின் ஆன்மா மூன்று இரவு இங்கேயே இருந்து, நான்காம் நாள் விடியலில் மறுமைக்குச் செல்லும் சின்வத் பாலத்தைக் கடக்கும் என்பது நம்பிக்கை. அந்த நான்கு நாள் பிரார்த்தனைகளை உடல் எந்த வழியில் போனாலும் செய்யலாமா என்பதில் குருமார்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.